இளவயதுப் பாரிசவாதமும் எச்.ஐ.வி. தொற்றும்: நாம் பேசத் தயங்கும் ஒரு தொடர்பு

பாரிசவாதம் வயது போனவர்களுக்கு வரும் நோய் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கின்றோம். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் என்று வருடக்கணக்கில் மருந்து குடித்தவருக்கு ஒருநாள் கை கால் இழுத்துவிடும். ஆனால், சில வருடங்களுக்கு முன்னர் நான் கடமையாற்றிய விடுதிக்குக் கொண்டுவரப்பட்ட சகோதரருக்கு வயது 33. வளைகுடா நாடொன்றில் சாரதியாக இருந்து ஊர் திரும்பியவர். பிரஷரும் இல்லை, சீனியும் இல்லை. சுபஹுக்கு எழும்பும்போது வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. (அவரை யாரென்று அறிய முடியாதவாறு சில விபரங்களை மாற்றியுள்ளேன்.)

வீட்டார் முதலில் ஓதிப் பார்த்தார்கள். பிறகு எண்ணெய் பூசினார்கள். எங்களிடம் வரும்போது மறுநாள் அஸராகிவிட்டது. மூளைக்குப் போகும் குழாயை அடைத்த குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990க்கு அழையுங்கள். ஓதுவதை அம்பியூலன்ஸிலும் ஓதலாம்.

இவ்வளவு இளவயதில் பாரிசவாதம் வந்தால் நாங்கள் காரணத்தைத் தேடுவோம். இதயத்தில் கோளாறா, கழுத்துக் குழாயில் கிழிவா, குருதி அளவுக்கு மிஞ்சி உறைகிறதா, போதைப்பொருளா? அந்தப் பட்டியலில் எச்.ஐ.வி.யும் உண்டு. அவரைத் தனியாக வைத்துச் சம்மதம் கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டாக்களுக்குத் தெரியவருமா டொக்டர்?" என்று கேட்டார். அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்னர் விசா புதுப்பிப்பதற்கான மருத்துவப் பரிசோதனையில் தொற்று இருப்பது தெரிந்து திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றார். வீட்டில் சொன்னது "கொம்பனியில் ஆள் குறைத்துவிட்டார்கள்" என்று. மூன்று வருடமும் ஒரு மாத்திரைகூடக் குடிக்கவில்லை.

எச்.ஐ.வி. எப்படி மூளையைத் தாக்குகிறது? வைரஸ் உடலில் கட்டுப்பாடின்றிப் பெருகும்போது குருதிக் குழாய்களின் உட்சுவர் ஓயாமல் அழற்சிக்குள்ளாகிறது. குருதியும் இலகுவில் உறைகிறது. எதிர்ப்புச் சக்தி சரியும்போது காசநோய், சிபிலிஸ், அம்மை வைரஸ் போன்றவை மூளையின் குழாய்களைத் தாக்க வழி பிறக்கிறது.

இதை நன்றாக எடுத்துக்காட்டியது ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்த ஆய்வு. பிளான்டயர் நகரின் குயின் எலிசபெத் மத்திய வைத்தியசாலையில் பாரிசவாதம் வந்த 222 பேரையும், அது வராத 503 பேரையும் ஒப்பிட்டு, முடிவை 2016இல் வெளியிட்டார்கள். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் உயர் குருதியமுக்கமே முதற் காரணம். ஆனால் 45 வயதுக்கு மேற்படாதவர்களிடையே ஏற்பட்ட பாரிசவாதங்களில் 42 சதவீதம் எச்.ஐ.வி.யுடன் தொடர்புபட்டவை என்று கணித்தார்கள். மலாவியில் வயதுவந்தோரில் சுமார் பத்தில் ஒருவருக்குத் தொற்று இருந்த காலம் அது. நமது நாட்டில் அது 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே அந்த 42ஐ இங்கே கொண்டுவந்து யாரும் பயமுறுத்த வேண்டாம். கைவிழுந்த ஒவ்வோர் இளைஞனையும் சந்தேகத்தோடு பார்ப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

அந்த ஆய்வில் இன்னொரு விடயமும் உண்டு. சிகிச்சை தொடங்கிய முதல் ஆறு மாதங்களில்தான் ஆபத்து மிக அதிகமாக இருந்தது. இதைக் கேட்டு மருந்தைக் குறை சொல்லக் கூடாது. அவர்கள் எதிர்ப்புச் சக்தி மிகவும் தேய்ந்த பின்னர் மருந்தைத் தொடங்கியவர்கள். படுத்துக்கிடந்த எதிர்ப்புச் சக்தி திடீரென எழும்போது, உடலுக்குள் ஒளிந்திருந்த கிருமிகளோடு மோதி அழற்சி கூடுகிறது. சீ.டி.4 கலங்கள் குறையுமுன்பே தொடங்கியிருந்தால் இந்த மோதல் பெரும்பாலும் வராது. நமது சகோதரர் தொலைத்த மூன்று வருடம் இதனால்தான் எனக்கு இன்றும் கவலை தருகிறது.

அந்த மருந்து இங்கே அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம். பரிசோதனையும் இலவசம், இரகசியமானது. ஒழுங்காகக் குடித்துவந்து, குருதியில் வைரஸ் அளவிட முடியாதளவு குறைந்துவிட்டால் துணைக்கும் பாலுறவு மூலம் தொற்றாது. ஒரே சஹனில் உண்பதாலோ, ஒரே ஹவுழில் வுழூச் செய்வதாலோ, கைகொடுத்து ஸலாம் சொல்வதாலோ எச்.ஐ.வி. எப்போதுமே தொற்றியதில்லை. இதைத் தெரிந்தவர்களே சிலர் வீட்டில் தட்டை வேறாக்குகின்றார்கள். அந்தப் பயம்தான் இவரைப் போன்றவர்களின் வாயைக் கட்டிவிடுகிறது.

மனைவியிடம் சொல்ல அவருக்கு மேலும் இரண்டு வாரம் எடுத்தது. அவரே கேட்டுக்கொண்டதால் நானும் பக்கத்தில் இருந்தேன். மனைவி அழுதார், கோபப்பட்டார். பிறகு தானாகவே பரிசோதனைக்குச் சம்மதித்தார். மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்தபோதும் அவருக்குத் தொற்று இல்லை. கணவரின் கையில் இன்னும் முழுப் பலம் வரவில்லை. மாத்திரை அட்டையைப் பிரித்துக் கொடுப்பது மனைவிதான்.