தாய்வீட்டுக்குப் போகும் எண்

பட்டு நெசவு ஊர்களான அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கம் தறி வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாய்வீடு ஆரணி என்று வைத்துக்கொள்வோம். பட்டு ஊருக்குப் பட்டு ஊர் சம்பந்தம். முன்பெல்லாம் அவளோடு போனது ஒரு அட்டை மட்டும். அது தொலைந்தால் ஆரணி ஆஸ்பத்திரி நர்சுக்கு அவள் புது ஆள். ரத்த அளவு, டி.டி. ஊசி, முதல் பிரசவம் சிசேரியனா என்ற விவரமெல்லாம் இங்கே துணை சுகாதார நிலையத்தில், நர்சம்மாவின் பதிவேட்டுக்குள் பத்திரமாக மூடிக் கிடக்கும்.

2008-ல் தமிழ்நாட்டில் பிக்மி வந்தது. கர்ப்பிணியையும் குழந்தையையும் பெயர்வாரியாகத் தொடரும் கணினிப் பதிவு. 2017-ல் அதில் பதிந்தால் கிடைக்கும் 12 இலக்க எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடையாது என்றானதும், அதுவரை நர்சம்மாவைத் தவிர்த்து வந்த வீடுகளும் தேடி வந்தன. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் உதவிப் பணத்துக்கும் அதே எண்தான். இப்போது அந்தப் பெண் ஆரணிக்குப் போனால் அவளுடைய விவரமும் கூடவே போகிறது.

வார்டிலும் காலம் மாறிற்று. டே ரிப்போர்ட்டுக்கு நீலம், நைட் ரிப்போர்ட்டுக்குச் சிவப்பு என்று மை மாற்றி எழுதிய தலைமுறை ஓய்வுபெற்று வருகிறது. இன்று ஸ்டாஃப் நர்ஸ் எழுதவும் வேண்டும், கணினியில் ஏற்றவும் வேண்டும். நோட்டு போய்க் கணினி வந்தது என்பார்கள். உண்மையில் நோட்டு போகவே இல்லை.

கணினியில் பதியும் இந்தத் திறமையை எப்படி அளப்பது? அமெரிக்காவில் நான்சி ஸ்டாகர்ஸ் குழு 2002 வாக்கில் நர்சுகளின் கணினித் தேர்ச்சியைத் தொடக்கநிலை முதல் புதுமை படைப்பவர் வரை நான்கு படிகளாகப் பிரித்தது. அதன்பின் வந்த அளவுகோல்களில் பல, நர்சையே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொல்பவை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செல்போனில் வளர்ந்த பெண் தாராளமாகப் போட்டுக்கொள்வாள். முப்பது வருடம் வார்டில் நின்றவர் கூச்சத்தில் குறைத்துப் போடுவார். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் இரண்டாம் பருவத்திலேயே நர்சிங் தகவலியலைத் தனிப் பாடமாக வைத்தது நல்ல காரியம். ஆனால் படுக்கைக்குப் பக்கத்தில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: திரை தப்புச் சொன்னால் நர்சுக்குத் தெரியுமா?

ஒரு பெண்ணின் கடைசி மாதவிலக்கு ஏப்ரல் 3 என்று வைத்துக்கொள்வோம். தேதியோடு ஏழு, மாதத்தோடு ஒன்பது கூட்டினால் பிரசவ நாள் ஜனவரி 10. பழைய நர்சம்மா இதை விரல் மடக்கியே சொல்லிவிடுவார். கணினியில் தேதியும் மாதமும் இடம் மாறி மார்ச் 4 என்று விழுந்தால், டிசம்பர் 11 என்று அதுவும் தயங்காமல் கணக்குச் சொல்லும். ஒரு மாதம் போயிற்று. வலி வராத பெண்ணை நாள் கடந்தவள் என்று வலி வர மருந்து ஏற்றிவிடும் அபாயம் அதற்குள் இருக்கிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘இந்த வயிறு டிசம்பர் வயிறு இல்லையே’ என்று திரையைச் சந்தேகிப்பவர்தான் தேறியவர். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் இனிஷியல் என்பதைப் பதியும்போதே கண்டுபிடித்து, பணம் நின்றுபோகாமல் காப்பவரும் அப்படித்தான். இதற்கெல்லாம் தட்டச்சு வேகம் எதற்கு?

பதிவு வேலைக்குத் தனி ஆள் கொடுங்கள் என்று கிராம சுகாதார செவிலியர்கள் பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள். ஊசி போடுகிற நேரத்தைத் திரை தின்கிறது என்பது நியாயமான குறைதான். அதே தகவலை நோட்டிலும் ஆப்பிலும் மாத அறிக்கையிலும் மூன்று முறை நிரப்பும் வேலையை ஆபரேட்டரிடம் தள்ளட்டும். மாதவிலக்குத் தேதியை மட்டும் வயிற்றைத் தொட்ட கையே பதியட்டும். ஆபரேட்டருக்கு ஏப்ரலும் மார்ச்சும் ஒன்றுதான்.