சாமியார் வீடு யாருக்கு சொந்தம்? சர்டிபிகேட் வாங்க எங்கே போகணும்?

மீஞ்சூர்:
மீஞ்சூர், அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி பகுதிகளில் வேலை பார்க்க தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று வெளி மாவட்டங்களில் இருந்து வந்து குடியேறியவர்கள் பலர். இவர்களில் கத்தோலிக்கர்கள், வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்ததும் படியேறுவது கோவிலை ஒட்டி உள்ள 'சாமியார் வீட்டில்' தான். அங்கே "ஞானஸ்நான சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்டதும் பலர் திகைத்துப் போகிறார்கள்.

இந்த வீடு பற்றிய விவரம் வருமாறு:-

சாமியார் வீடு என்று நாம் சொல்லும் பங்குத்தந்தை இல்லம், சாமியாரின் சொந்த வீடு அல்ல. அது திருச்சபையின் சொத்து. அதை அவர் விற்கவோ, உறவினருக்கு எழுதி வைக்கவோ முடியாது. மாற்றல் வந்தால் பெட்டியோடு கிளம்ப வேண்டியதுதான். சி.எஸ்.ஐ. சபையில் ஆயர் குடும்பத்தோடு தங்குவார். மாற்றல் என்றால் மனைவி, பிள்ளைகளும் வீட்டை காலி செய்ய வேண்டும்.

ராத்திரியிலும் கதவைத் தட்டலாம்

1983-ம் ஆண்டு வெளியான கத்தோலிக்க திருச்சபை சட்டத்தின் 533-வது பிரிவுப்படி, பங்குத்தந்தை கோவிலுக்கு அருகில் உள்ள பங்கு இல்லத்தில்தான் தங்க வேண்டும். வேறு இடத்தில் தங்க தகுந்த காரணமும், ஆயரின் அனுமதியும் வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் பங்கை விட்டு வெளியே போனால் ஆயருக்கு தகவல் சொல்ல வேண்டும். லீவு ஆண்டுக்கு அதிகபட்சம் ஒரு மாதம்.

நடுராத்திரியில் ஒருவருக்கு உயிர் இழுத்துக்கொண்டு இருந்தால், அவஸ்தை பூச சாமியாரை கூப்பிட ஓடி வர வேண்டும். அந்த நேரத்தில் "சாமி எங்கே போனாரு?" என்று தேடிக்கொண்டு இருக்க முடியாது. பங்குத்தந்தை பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பதிவேடு எங்கே இருக்கும்?

ஞானஸ்நானம், திருமணம், இறப்பு பதிவேடுகளை ஒவ்வொரு பங்கும் பாதுகாக்க வேண்டும் என்கிறது 535-வது பிரிவு. சாமியார் மாறினாலும் பதிவேடு மாறாது. ஆனால் நீங்கள் எந்த ஊர் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றீர்களோ, அந்தப் பங்கில்தான் உங்கள் பெயர் இருக்கும். எத்தனை வருஷம் இங்கே குடியிருந்தாலும் இங்குள்ள பதிவேட்டில் அது இருக்காது.

ஆகவே கோவில் பெயர், ஞானஸ்நானம் பெற்ற ஆண்டு, பெற்றோர் பெயர் ஆகியவற்றை குறித்துக்கொண்டு சொந்த ஊர் பங்கில் கேட்க வேண்டும். வழியில் சிக்கல் இருந்தால் இங்குள்ள பங்குத்தந்தையிடம் யோசனை கேட்கலாம். பழைய சர்டிபிகேட் பீரோவில் இருந்தாலும், கல்யாணத்துக்கு வழக்கமாக புதிதாக எடுத்ததைத்தான் கேட்பார்கள்.

பத்திரிகை அடித்த பிறகு ஓடாமல், பேச்சு முடிந்த உடனேயே ஊருக்கு சொல்லி விடுவது நல்லது.