மானியம் கோரும் விண்ணப்பமும் கிராம சபையும்

திண்டுக்கல் சமவெளியில் நின்று நோக்குவோர்க்கு ஒருபுறம் பழனி மலைத் தொடரும் மறுபுறம் சிறுமலையும் காட்சியளிக்கும். அம்மலைகளின் சரிவுகளிலும் அடிவாரங்களிலும் பளியர் என்னும் பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். தேனெடுத்தலும், கிழங்கு அகழ்தலும், வனத்தின் சிறு விளைபொருள்களைச் சேகரித்தலும் அவர்களுடைய பழந்தொழில்களாகும். இன்று பலர் பிறருடைய தோட்டங்களில் கூலி வேலை செய்து பிழைக்கின்றனர். இம்மக்களுக்கென்றும், இவர்களிடையே தொண்டாற்றும் சங்கங்களுக்கென்றும், சமவெளிக் கிராமங்களுக்கென்றும் அரசாங்கமும் வங்கிகளும் கம்பெனிகளும் ஒதுக்குகின்ற மானியங்கள் பல உள்ளன. எனினும், ஒதுக்கிய தொகையெல்லாம் ஊருக்கு வந்து சேர்ந்துவிடுவதில்லை. இடையில் ஒரு விண்ணப்பம் நிற்கிறது. அதனை எழுதவேண்டியவர் யார், எழுத உதவுபவருக்குரிய இடம் யாது என்பனவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

எழுதத் தெரிந்தவரை அண்டி மனு எழுதிக்கொள்வது நம் நாட்டில் புதியதன்று. கலெக்டர் காரியாலயத்தின் வாயிலில் மனு எழுதித் தருவோரை யாவரும் கண்டிருப்பர். 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர், கிராம சேவக் இவ்வுதவியைச் செய்யும் பொறுப்பை ஏற்றார். திண்டுக்கல் பகுதிக்கு மற்றொரு பேறும் வாய்த்தது. டாக்டர் சௌந்தரம் அவர்களும் டாக்டர் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் 1947இல் நிறுவிய காந்திகிராமம் இங்கேயே அமைந்துள்ளது. 1956இல் அங்கே தோன்றிய கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர்கள் கிராமத்தில் தங்கி, மக்களோடு பழகிப் பணியாற்றுவது அதன் நெடுநாளைய வழக்கம். வீடுகளைக் கணக்கெடுக்கவும், படம் வரையவும் பயின்ற இளைஞர்கள் அருகிலேயே இருக்கும்போது, அவர்களுடைய துணையைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டுவதில்லை.

இன்றோ திட்டங்களின் தொகை பெருகிவிட்டது. படிவங்கள் கணினி வழியே செல்கின்றன. ஆதலால், விண்ணப்பம் எழுதித் தருவதையே தொழிலாகக் கொண்ட ஆலோசகர்கள் தோன்றியுள்ளனர். இவர்களால் நன்மை இல்லை என்று கூறுவதற்கில்லை. ஆயினும், ஆலோசகர் எழுதும் விண்ணப்பம் பெரும்பாலும் திட்ட அறிக்கையின் சொற்களைத் திருப்பிச் சொல்வதாகவே அமைந்துவிடுகிறது. ‘வாழ்வாதார மேம்பாடு’ என்றும் ‘ஒருங்கிணைந்த வளர்ச்சி’ என்றும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். ஊற்று எந்த மாதத்தில் வற்றுகிறது என்பது மட்டும் அதில் இராது.

பொருந்தும் திட்டம் எது?

முதலாவது, எந்தத் திட்டம் யாருக்கு உரியது என்பதை ஐயமறத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரதம மந்திரி ஜன்மன் என்னும் திட்டம் 2023 நவம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. அது மிகவும் நலிவுற்றவை என வகுக்கப்பெற்ற 75 பழங்குடிப் பிரிவுகளுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினரே அப்பட்டியலில் உள்ளனர், பளியர் இல்லை. இதனை அறியாது பளியர் குடியிருப்புக்காக அத்திட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால் காலமும் உழைப்பும் வீணாகும். 2024 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய தர்தி ஆபா திட்டமோ எல்லாப் பழங்குடியினருக்கும் பொதுவானது. ஆனால் அது பழங்குடியினர் பெரும்பான்மையாக உள்ள கிராமங்களையே முதன்மையாக நோக்கியது. பெரிய பஞ்சாயத்து ஒன்றின் ஓரத்தில் முப்பது வீடுகள் கொண்ட குடியிருப்பு அதன் கிராமப் பட்டியலில் இடம்பெற்றுள்ளதா என்று முன்னரே விசாரித்தல் நலம். விளைநிலம் உள்ள பழங்குடிக் குடும்பங்கள் பழத்தோட்டம் அமைப்பதற்கு நபார்டு வங்கியின் பழங்குடியினர் வளர்ச்சி நிதி 2003-04 முதல் உதவி வருகிறது.

சாதிச் சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழங்குடியினர்க்குரிய சான்றிதழை நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியரே வழங்குகிறார். அரசாங்கத்தின் பழங்குடியினர் பட்டியலில் பளியர் என்னும் ஒலியை ஒட்டிய பெயர்கள் மூன்று தனித்தனியே பதிவாகியுள்ளன. தந்தையின் சான்றிதழில் ஒரு பெயரும், மகனுடையதில் மற்றொரு பெயரும், குடும்ப அட்டையில் வேறொரு எழுத்தும் இருக்குமானால் விண்ணப்பம் திரும்பி வர அதுவே போதும். இவற்றை ஒழுங்குபடுத்துவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். ஆதலின் திட்டத்தின் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்பொழுதே தொடங்குதல் வேண்டும்.

நிலமே முதற்கேள்வி

மலையடிவாரக் குடியிருப்புகளில் மானியம் தடைப்படுவதற்கு மிகப் பெரிய காரணம் நிலம். குடிநீர்த் தொட்டி கட்டத் தொகை கிடைத்திருக்கும். தொட்டி அமையவேண்டிய இடம் வனத்துறையின் நிலமாக இருக்கும். அனுமதி கிடைக்குமுன் நிதியாண்டு முடிந்துவிடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வன உரிமைச் சட்டம், 2006 இன் மூன்றாம் பிரிவு, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் முதலிய 13 வகையான வசதிகளுக்கு வனநிலத்தைப் பயன்படுத்த இடமளிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேண்டும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்குமேல் வெட்டலாகாது. இவ்வசதியைக் கிராம சபை பரிந்துரைத்திருக்க வேண்டும் என்பது இன்றியமையாத நிபந்தனை. அப்பரிந்துரையை விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்பினால் பின்னர் ஏற்படும் தாமதத்தில் பெரும்பகுதி குறையும்.

குடும்பங்களின் நில உரிமையும் சமூக உரிமையும் இச்சட்டத்தின்கீழேயே கோரப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டயம் வழங்குவது நெடுங்காலம் நின்றிருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. உரிமைக் கோரிக்கைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் வேண்டும். அவற்றுள், கோருபவர் அல்லாத முதியோர் ஒருவர் கூறி, எழுத்தில் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலமும் ஒன்றாகும். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவருடைய நினைவை இச்சட்டம் சான்றாக ஏற்கிறது. அவர் சொல்வதை ஆலோசகர் தம் நடையில் மெருகேற்றாமல், அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ள வேண்டும். கோயில், இடுகாடு, பழைய மரம், ஊற்று ஆகியவற்றைப் பெயரோடு குறிப்பிடும் அம்மொழிக்குள்ள வலிமை அலங்கார நடைக்கு இல்லை.

எழுதும் முறை

முப்பது வீடுகளுள்ள ஒரு குடியிருப்பு, ஊற்றிலிருந்து குழாய் வழியே நீர் கொணர மானியம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ‘இப்பகுதி மக்கள் குடிநீரின்றிப் பெரிதும் அல்லலுறுகின்றனர்’ என்று எழுதுவதனால் பயனில்லை. எல்லா விண்ணப்பங்களிலும் அவ்வாறே காணப்படும். வீடுகள் எத்தனை, ஊற்று எத்தனை மீட்டர் தொலைவில் உள்ளது, ஒரு நடைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, நாளொன்றுக்கு எத்தனை நடை, பங்குனி சித்திரையில் நீர் எவ்வளவு சுரக்கிறது, ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் என்பனவற்றை எழுத வேண்டும். இவை யாவும் அங்கே நீர் சுமக்கும் பெண்களுக்குத் தெரியும். அவர்களைக் கூட்டத்தில் பேசவிடாமல் இவ்விவரங்களைப் பெற இயலாது.

அடுத்து, மதிப்பீட்டை ஊராட்சி ஒன்றியப் பொறியாளரைக் கொண்டு தயாரிக்க வேண்டும். ஊகத் தொகையை எழுதலாகாது. பழுது நேர்ந்தால் செப்பனிடுபவர் யார், செலவை ஏற்பவர் யார் என்பதையும் குறிப்பிட வேண்டும். மானியம் தருவோர் ஆழ்ந்து படிப்பது இந்தப் பகுதியைத்தான். இதைப் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர்.

சமவெளி விவசாயிகளுக்கும் இதே முறை பொருந்தும். ஆத்தூர், நிலக்கோட்டைப் பக்கங்களில் கண்மாயின் வரத்துக் கால்வாயைத் தூர்வார எண்ணுவோர் ‘நமக்கு நாமே’ திட்டத்தை நாடலாம். 1997-98இல் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் பெற்று, 2021இல் மீண்டும் பழைய பெயருக்கே வந்த திட்டம் அது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தருவது அதன் பொது விதி. ரூ. 6 லட்சம் மதிப்புள்ள வேலைக்கு மக்கள் பங்கு ரூ. 2 லட்சம். ஆயக்கட்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் முடிவைக் கூட்டத்தில் எடுத்து, அத்தீர்மானத்தையும் விண்ணப்பத்தோடு இணைப்பது சிறந்தது.

விருப்பாட்சி, சிறுமலை மலை வாழைகளுக்குப் புவிசார் குறியீடு பெற்ற வரலாற்றையும் இங்கே குறிப்பிடலாம். முடிக்கொத்து நோயால் அழிவின் விளிம்புக்குச் சென்ற பயிர் அது. மலை வாழை விவசாயிகளின் கூட்டமைப்பே விண்ணப்பதாரராக நின்று அக்குறியீட்டைப் பெற்றது. விஞ்ஞானிகளின் துணை இருந்தபோதிலும், பெயர் விவசாயிகளுடையதாகவே இருந்தது.

நிற்க. தொண்டு நிறுவனங்கள் வழியே உதவி பெற விரும்புவோர் சில விதிகளை அறிதல் வேண்டும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற்றுச் செலவிடும் நிறுவனம், 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசிடம் அதற்கென்று தனிப் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறும் சங்கம் அதனை வேறொரு சங்கத்துக்குப் பகிர்ந்தளிப்பதை 2020ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடுத்துவிட்டது. ‘வெளிநாட்டுப் பணத்தில் உங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குப் பங்கு தருகிறோம்’ என்று எவரேனும் சொன்னால் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

ஆலோசகருக்குக் கூலி தருவது குற்றமன்று. செய்த வேலைக்கு இவ்வளவு என்று முன்னரே பேசி, ரசீது பெற்றுக் கொடுக்கலாம். ஆனால் கிடைக்கும் மானியத்தில் நூற்றுக்கு இத்தனை என்று கேட்பவரிடம் போகலாகாது. அமெரிக்காவில் இத்தொழில் புரிவோரின் சங்கமே அவ்வாறு சதவீதம் பெறுவதைத் தன் ஒழுக்க விதிகளால் விலக்கியுள்ளது. வெற்றுத்தாளில் கையொப்பமோ கைரேகையோ வைத்துத் தருவதும் அறவே கூடாது. 2007இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம், அம்மக்கள் முழு விவரமும் அறிந்து, கட்டாயமின்றி, முன்னதாகவே தரும் சம்மதத்தை வற்புறுத்துகிறது. எனவே எழுதிய விண்ணப்பத்தை அனுப்புமுன் குடியிருப்பிலேயே தமிழில் உரக்கப் படித்துக் காட்டவேண்டும். திருத்தம் சொல்பவர் இருப்பர். அத்திருத்தங்களே பெரும்பாலும் விண்ணப்பத்தைக் காப்பாற்றும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. தீர்மானத்தின் நகல் ஒன்றும், விண்ணப்பத்தின் நகல் ஒன்றும், காரியாலயம் தந்த ஒப்புகைச் சீட்டும் குடியிருப்பிலேயே ஒரு பெட்டியில் இருக்கட்டும். அரசு அலுவலகத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் நெடுநாள் பதிலின்றிக் கிடந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன்கீழ் அதன் நிலையைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தருதல் வேண்டும். வன உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டாலோ மேல்முறையீட்டுக்கு 60 நாட்களே உண்டு. நிராகரிப்புக் கடிதம் கைக்குக் கிடைத்த தேதியை அதன் மேலேயே குறித்து வைக்க வேண்டும்.