வழிமறித்துச் சோதிக்கும் உரிமை

வீதியிற் செல்லும் ஒருவரைப் பொலிசார் மறித்து, உடையைத் தடவி ஆயுதம் தேடலாமா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் இக்கேள்விக்கு விடை தருவது 1968ஆம் ஆண்டின் 'டெரி எதிர் ஒகாயோ' என்னும் தீர்ப்பாகும். அவ்வழக்கு எழுந்த வரலாற்றை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

1963 ஒக்டோபர் 31ஆம் திகதி பிற்பகல், கிளீவ்லாந்து நகரக் கடைத்தெருவில் மாட்டின் மக்பாடன் என்னும் துப்பறியும் உத்தியோகத்தர் சாதாரண உடையில் உலாவினார். முப்பத்தொன்பது ஆண்டுச் சேவையிற் பழுத்தவர் அவர். இருவர் மாறி மாறி நடந்து, ஒரே கடையின் கண்ணாடியூடே எட்டிப் பார்த்துத் திரும்புவதைக் கண்டார். ஏறத்தாழப் பன்னிரண்டு முறை இவ்வாறு நிகழ்ந்தது. இடையில் மூன்றாமவர் ஒருவரும் வந்து பேசிச் சென்றார். கொள்ளைக்கு வேவு பார்க்கின்றனரோ என ஐயுற்ற மக்பாடன், பின்னர் மூவரையும் அணுகிப் பெயர் வினவினார். முணுமுணுப்பே விடையாயிற்று. உடனே டெரியைப் பற்றித் திருப்பி மேலுடையைத் தடவினார், கைத்துப்பாக்கி அகப்பட்டது. மற்றொருவரிடமும் அவ்வாறே.

நியாயமற்ற சோதனையை அந்நாட்டு அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் தடுக்கின்றது. கைது செய்யப் போதிய ஆதாரமோ மக்பாடனிடம் இருக்கவில்லை. எனினும், எடுத்துக் கூறத்தக்க காரணங்களால் ஒருவர் ஆயுதந்தாங்கிய அபாயகரமானவர் என நியாயமாகக் கருதும் உத்தியோகத்தர், தம்மையும் பிறரையும் காக்கும் பொருட்டு மேலுடையைத் தடவிப் பார்க்கலாம் எனப் பிரதம நீதியரசர் ஏள் வாரன் தீர்ப்பெழுதினார். வெறும் உள்ளுணர்வு போதாது. தேடுவதும் ஆயுதத்தை மட்டுமே. எண்மர் ஒருபுறம் நிற்க, நீதியரசர் டக்ளஸ் மாத்திரம் மறுத்தார். இத்தகைய ஐயத்தைக் கொண்டு நீதிபதியே பிடியாணை வழங்க முடியாதிருக்க, பொலிசாருக்கு அவரினும் கூடிய அதிகாரமா என்பது அவரது வினா. அதற்குத் தக்க விடை பெரும்பான்மைத் தீர்ப்பிற் கிடைப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

பின்வந்த வழக்குகள் எல்லையை நுணுக்கமாக வரைந்தன. ஆயுதமன்று எனத் தெரிந்த பின்னரும் சட்டைப்பையிலிருந்த சிறு கட்டியை உருட்டிப் பார்த்துப் போதைப்பொருளைக் கண்டெடுத்தது செல்லாது என 1993இல் தீர்க்கப்பட்டது. மியாமியில், பேருந்துத் தரிப்பிடத்தில் கட்டம் போட்ட சட்டையணிந்த இளைஞனிடம் துப்பாக்கி உண்டெனப் பெயர் கூறாத ஒருவர் தொலைபேசியில் அறிவித்தார். துப்பாக்கியும் இருந்தது! ஆயினும் சோதனை சட்டவிரோதமே என 2000ஆம் ஆண்டில் நீதியரசர் அனைவரும் ஒருமித்துக் கூறினர். கிடைத்த பொருளைக் கொண்டு தேடலை நியாயப்படுத்தலாகாது. தேடுமுன் கையிலிருந்த காரணமே கணக்கு.

ஆனால் ஏட்டிலுள்ள எல்லை வீதியிற் பேணப்பட்டதா? நியூயோர்க் நகரில் 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை 44 இலட்சம் தடவை மக்கள் மறிக்கப்பட்டனர். பத்தில் எட்டுக்கு மேற்பட்ட தடவைகளில் மறிக்கப்பட்டோர் கறுப்பினத்தவரோ ஸ்பானிய வழியினரோ ஆவர். பாதிக்கு மேற்பட்டோரின் உடை தடவப்பட்டது. அவ்வாறு தடவப்பட்ட நூறு பேருள் ஆயுதம் வைத்திருந்தோர் இருவர்கூட இல்லை. அந்நகரம் கையாண்ட முறை அரசியலமைப்புக்கு முரணானது என 2013இல் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் தீர்ப்பளித்தார்.