தரகும் தகுதியும்: போடி ஏலக்காய்ச் சந்தையின் உரிமம்

பொருளை விளைவிப்பவருக்கும் அதை வாங்குபவருக்கும் நடுவே நின்று, அப்பொருள் தமக்குச் சொந்தமாகாமலேயே விலையை முடித்துவைத்து, அதற்கு ஊதியமாகத் தரகு பெறுகின்ற ஒருவரிடம் அரசு எத்தகைய பயிற்சியையும் தகுதியையும் எதிர்பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியச் சட்டங்கள் தொழிலுக்குத் தொழில் வெவ்வேறு விடை தருகின்றன. காப்பீட்டுத் தரகு நிறுவனத்தின் முதன்மை அலுவலர் வரையறுக்கப்பட்ட மணிநேரப் பயிற்சி பெற்று, புணேயிலுள்ள தேசியக் காப்பீட்டுக் கழகத்தின் தேர்வில் தேறியாக வேண்டும். வீட்டுமனைத் தரகர் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்துகொண்டால் போதும் என்றிருந்த நிலையில், மகாராஷ்டிரம் 2023இல் அவருக்கும் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. நடந்துகொண்டிருக்கும் ஒரு கடையையோ ஆலையையோ முழுமையாக விற்றுக்கொடுக்கும் வணிகத் தரகருக்கோ இந்நாட்டில் தனிச் சட்டமும் இல்லை, தனி உரிமமும் இல்லை. அமெரிக்காவிலும் கலிபோர்னியா, புளோரிடா போன்ற சில மாநிலங்களே அவரிடம் மனைத் தரகர் உரிமத்தைக் கேட்கின்றன.

இந்த வேறுபாடு ஒரே நிலப்பரப்புக்குள் எவ்வளவு கூர்மையாக அமையக்கூடும் என்பதற்குத் தேனி மாவட்டத்தைக் காட்டிலும் தெளிவான சான்று தமிழகத்தில் அரிது. கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூரிலிருந்து சின்னமனூர் வரையிலும், ஆண்டு முழுவதும் அறுவடையாகிற பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. எனினும் தோட்டத்துக்கே வந்து பந்தலின் கீழ் நின்று விலை பேசி, வெளியூர் வியாபாரிக்குக் கொடியோடு முடித்துவைக்கும் தரகருக்கு அப்பயிருக்கென ஒரு தேர்வும் கிடையாது, தனி உரிமமும் கிடையாது. அதே பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் எழும் மலைகளுக்கு அப்பால் விளைந்து, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளிச் சாலைகள் வழியே கீழிறங்கும் ஏலக்காயை ஏலத்தில் விற்றுத் தர முனைபவரோ, தோட்டக்காரரிடமிருந்து அதை வாங்கி வணிகம் செய்ய முனைபவரோ, நடுவண் அரசின் உரிமம் இல்லாமல் அத்தொழிலில் இறங்கவே இயலாது.

ஏலக்காய்த் தோட்டங்களின் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை, வண்டன்மேடு, நெடுங்கண்டம், சாந்தன்பாறைப் பகுதிகளில் இருந்தாலும், அத்தோட்டங்களில் உழைப்போரில் பலர் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறிச் செல்லும் தேனி மாவட்டத்தவர். தோட்ட உடைமையாளர்களிலும் போடி, கம்பம், கூடலூர் ஊர்களைச் சேர்ந்த குடும்பங்கள் கணிசம். விருதுநகரும், போடி எனச் சுருக்கமாக வழங்கும் போடிநாயக்கனூரும் இக்காயின் வணிக நகரங்களாக நெடுங்காலமாக விளங்கிவந்தன. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் ரயில் பாதை போடப்பட்டதற்கு மலைவிளைபொருள் வணிகமே முதன்மையான காரணம். விளையும் இடம் ஒரு மாநிலத்திலும் விலைபோகும் இடம் இன்னொரு மாநிலத்திலுமாகப் பிரிந்து கிடக்கும் இப்பயிருக்கு எந்த ஒரு மாநிலத்தின் சந்தைச் சட்டமும் முழுப் பாதுகாப்பாக அமைய முடியாது என்பதால்தான் உரிமம் வழங்கும் அதிகாரம் நடுவண் அரசிடம் சென்றது என்று கருத இடமுண்டு.

அந்த அதிகாரத்தின் தொடக்கம் 1965ஆம் ஆண்டின் ஏலக்காய்ச் சட்டம். அதன் வழி அமைந்த ஏலக்காய் வாரியமும், நறுமணப் பொருள் ஏற்றுமதியை வளர்ப்பதற்கென 1960இல் தோன்றிய மன்றமும் ஒன்றிணைக்கப்பட்டு, 1986ஆம் ஆண்டின் நறுமணப் பொருள் வாரியச் சட்டப்படி, கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பைசஸ் போர்டு 1987 பிப்ரவரி 26 அன்று உருவாயிற்று. அதே ஆண்டில் வெளிவந்த ஏலக்காய் உரிமம் மற்றும் சந்தைப்படுத்தல் விதிகள்தாம் இன்றைய போடிச் சந்தையின் அடித்தளம். இவ்விதிகள் இருவகை உரிமங்களை வகுக்கின்றன. முதலாவது, ஏலம் நடத்துநர் உரிமம்: தோட்டக்காரர் கொண்டுவரும் காயைப் பெற்று, எடைபோட்டு, ‘லாட்’ எனப்படும் விற்பனைத் தொகுதிகளாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சாம்பிள் எடுத்து வாங்குவோர் பார்வைக்கு வைத்து, விலை முடிந்தபின் வாங்கியவரிடம் பணம் வசூலித்துத் தோட்டக்காரருக்குக் கொடுக்கும் நிறுவனத்துக்கு உரியது இது. இரண்டாவது, ‘டீலர்’ எனப்படும் வணிகர் உரிமம்: ஏலத்தில் விலை கேட்பதற்கும் காயை வாங்கி விற்பதற்கும் உரியது. சட்டத்தின் நுண்ணிய நோக்கில் இவர்களில் ஏலம் நடத்துநரே உண்மையான தரகர். ஏனெனில் காய் ஒருகணமும் அவருடைய உடைமையாவதில்லை, விற்பவரின் நம்பிக்கையை ஏற்றுப் பொருளையும் பணத்தையும் தம் கைவழியே கடத்துபவர் மட்டுமே அவர்.

உரிமம் மூன்றாண்டுத் தொகுதிக்கு வழங்கப்படுகிறது. விண்ணப்பிப்பவரின் நிதி வலிமை, வணிக இடமும் கிடங்கும், வரிப் பதிவுகள் ஆகியவை பார்க்கப்படுகின்றன. ஏலக்காய்க்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு என்பதால் அவ்வரிக்கான பதிவும், உணவுப் பொருள் வணிகம் என்பதால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியான உரிமமோ பதிவோ உடன் தேவைப்படுகின்றன. உரிமம் பெற்றபின் வாங்கிய அளவையும் விற்ற அளவையும் குறிப்பேடுகளில் பதிந்து வாரியத்துக்கு உரிய காலத்தில் கணக்கு அனுப்பியாக வேண்டும். விதி மீறினால் உரிமத்தை நிறுத்திவைக்கவோ நீக்கவோ வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணுபவர் நறுமணப் பொருள் ஏற்றுமதியாளர் பதிவுச் சான்றிதழைத் தனியே பெற வேண்டும்.

இத்தனை ஆவணங்களையும் அடுக்கிவைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பணம் இருக்கிறதா, இடம் இருக்கிறதா, கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று விசாரிக்கும் இம்முறை, ஏலக்காயைப் பற்றி விண்ணப்பதாரருக்கு ஏதேனும் தெரியுமா என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை. ஏலம் நடத்தவோ வணிகம் செய்யவோ பயிற்சி வகுப்பு எதையும் முடித்திருக்க வேண்டியதில்லை, தேர்வும் இல்லை.

அறிவு தேவைப்படாத தொழிலாக இது இருந்தால் இக்குறை பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் நிலைமை நேர்மாறானது. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் 1 கிலோ காய் கிடைக்கும். தோட்டத்து ஸ்டோர் எனப்படும் உலர்த்தகத்தில் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அளவான சூட்டில் காய்ந்து வெளிவரும் அக்காயின் பச்சை நிறம், சூடு சற்று மிகுந்தால் வெளிறிவிடும். ஈரம் சற்று மிஞ்சினால் மூட்டைக்குள்ளேயே பூசணம் பிடிக்கும். அக்மார்க் தரப்பிரிவில் ‘ஆலப்புழைப் பச்சை எக்ஸ்ட்ரா போல்டு’ என்ற முதல்தரக் காய் 7 மில்லிமீட்டர் சல்லடையில் தங்க வேண்டும் என்பதோடு, ஒரு லிட்டர் கொள்கலத்தில் நிரப்பினால் 435 கிராமுக்குக் குறையாமல் நிற்கவும் வேண்டும். அடுத்த தரமான ‘போல்டு’ 415 கிராம், அதற்கடுத்தது 385 கிராம். லிட்டர் எடை என்று சந்தையில் வழங்கும் இவ்வளவீடு, காயின் உள்ளே விதை நிறைந்திருக்கிறதா, அல்லது தோல் பருத்து உள்ளே வெறுமையாக இருக்கிறதா என்பதைக் காட்டிக்கொடுப்பது. இரு தொகுதிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே பச்சையாக, ஒரே பருமனில் இருக்க, லிட்டர் எடையில் 30 கிராம் வேறுபட்டிருக்குமானால் அவற்றின் விலையும் வேறுபட்டே தீரும். நிறத்தையோ நம்பவே முடியாது. செயற்கைச் சாயம் ஏற்றிய காய்கள் சந்தையில் பிடிபட்டதும் வாரியம் அதற்கெதிராக நடவடிக்கை எடுத்ததும் அண்மைக்காலச் செய்திகள். சாம்பிள் தட்டிலிருந்து நாலு காயை எடுத்துக் கிள்ளி, விதையின் கருமையையும் பிசுபிசுப்பையும் மணத்தையும் கண்டு, எந்தப் பருவத்து எடுப்பு என்றும் எப்படிக் காய்ந்தது என்றும் சொல்லும் திறம் பல ஆண்டுப் பழக்கத்தால் மட்டுமே வருவது.

2018 ஆகஸ்டு வெள்ளத்திலும் அடுத்த ஆண்டு வறட்சியிலும் தோட்டங்கள் சிதைந்து வரத்து சுருங்கியபோது, 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ காய் 7,000 ரூபாயைத் தொட்டது. அவ்விலையில் 50 கிலோ மூட்டை ஒன்றின் மதிப்பு 3,50,000 ரூபாய். ஒரு சிறு தோட்டக்காரரின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இரண்டு மூன்று மூட்டைக்குள் அடங்கிவிடும் இச்சந்தையில், தொகுதியைப் பிழையாக வகைப்படுத்துவதும், நல்ல காயோடு தாழ்ந்த காயைக் கலந்து வரிசையில் வைப்பதும், சாம்பிளைக் கவனமின்றி எடுப்பதும் அவருடைய ஓராண்டு உழைப்பையே குலைக்க வல்லவை.

இந்த அறிவு இன்று எங்கே கற்பிக்கப்படுகிறது என்றால், போடியின் வணிகக் குடும்பங்களின் கிடங்குகளில்தான். அப்பாவோடும் சித்தப்பாவோடும் கடையில் உட்கார்ந்து, சல்லடைக்காரரோடும் காய் பொறுக்கித் தரம்பிரிக்கும் பெண்களோடும் பழகி, முதலில் எடைச்சீட்டும் பிறகு சாம்பிளும் கடைசியாகவே விலையும் என்று படிப்படியாகத் தேறும் முறை அது. அதன் ஆழத்தை எந்தக் கல்லூரியும் எளிதில் எட்டிவிட முடியாது. ஆயினும் அப்பள்ளியில் சேர்வதற்குப் பிறப்போ உறவோ வேண்டியிருக்கிறது. காயைத் தொட்டுத் தொட்டு அதன் தரத்தை விரல்நுனியில் அறிந்திருக்கும் தரம்பிரிக்கும் பெண்களில் ஒருவர் வணிகர் உரிமத்துக்கு விண்ணப்பிக்க நினைத்தால், அவருடைய அறிவை எடுத்துக்காட்ட விண்ணப்பத்தில் ஓர் இடமும் இல்லை. முதலுக்கு மட்டுமே இடம் உண்டு. அறிவில்லாத முதல் உள்ளே போகவும், முதலில்லாத அறிவு வெளியே நிற்கவும் இடமளிக்கும் உரிம முறை குறையுடையது என்பதில் ஐயமில்லை.

மின்னணு ஏலம் இக்குறையைத் தானே நீக்கிவிடும் என்று சிலர் எதிர்பார்த்தனர். 2007இல் போடியிலும் வண்டன்மேட்டுப் பகுதியிலும் கூவி விற்கும் பழைய முறை கைவிடப்பட்டுக் கணினித் திரையில் விலை கேட்கும் முறை வந்தது. 2021இல் தொடங்கிய மேகக்கணி ஏலத்தால் போடியில் இருப்பவர் புற்றடியிலும், புற்றடியில் இருப்பவர் போடியிலும் ஒரே நேரத்தில் விலை கேட்க வழி பிறந்தது. அன்றன்றைய வரத்து, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை வாரியம் நாள்தோறும் வெளியிடுவதால் இடுக்கியின் ஏலப்பாறையில் இருக்கும் விவசாயியும் கைப்பேசியில் சந்தையை அறிகிறார். இது பெரிய நன்மை. ஆனால் ‘ரீ-பூலிங்’ எனப்படும் வழக்கம், அதாவது ஏலத்தில் வாங்கிய காயையே வணிகர்கள் மறுபடியும் ஏலத்துக்குக் கொண்டுவந்து வரத்தைப் பெருக்கிக்காட்டும் செயல், விலையைச் சரிக்கிறது என்று தோட்டக்காரர்கள் தொடர்ந்து முறையிட்டுவந்திருக்கின்றனர். எந்தத் தொகுதி தோட்டத்திலிருந்து வந்தது, எது கிடங்கிலிருந்து திரும்பியது என்று பிரித்தறிய வேண்டியவர் ஏலம் நடத்துநர்; அதற்குக் காயறிவும் வேண்டும், விற்பவருக்குத் தாம் பட்டிருக்கும் கடமை இன்னதென்ற சட்ட அறிவும் வேண்டும். திரையால் இவ்விரண்டையும் தர இயலாது.

உரிமமே இல்லாத நிலை எப்படியிருக்கும் என்பதற்கு உலகிலேயே மிகுதியாக ஏலக்காய் விளைவிக்கும் குவாத்தமாலா சான்று. அங்கே ஆல்ட்டா வேராபாஸ் மலைகளில் வாழும் சிறு விவசாயிகளிடம் பச்சைக்காயாகவே வாங்கிச் செல்லும் இடைத்தரகர்கள் ‘கொயோட்டே’ என்று அழைக்கப்படுகின்றனர். ஓநாயினத்தைச் சேர்ந்த விலங்கொன்றின் பெயர் அது. பொது ஏலத்தின் விலைப்பட்டியலைக் கையில் வைத்திருக்கும் இடுக்கி விவசாயி அந்நிலையினும் மேலானவர் என்பதற்கு 1987ஆம் ஆண்டின் விதிகள் காரணம். ஆகவே உரிமத்தைத் தளர்த்துவது தீர்வாகாது. அதில் விடுபட்டதைச் சேர்ப்பதே தீர்வு.

சேர்க்க வேண்டியது பெரிதன்று. இடுக்கியின் மயிலாடும்பாறையில் 1978இல் தொடங்கப்பட்ட இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலைக்குக் கீழே பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. இவ்விரண்டும் வாரியத்தோடு சேர்ந்து, தரமறிதல், ஈரம் அளத்தல், சாயம் கண்டறிதல், எடை, கணக்கு, விற்பவர்பால் தரகர் கொண்ட கடமை ஆகியவற்றில் சில வாரப் பயிற்சியை நடத்தித் தமிழிலும் மலையாளத்திலும் தேர்வு வைக்கலாம். பள்ளிப்படிப்புக் குறைந்த, ஆனால் பழுத்த அனுபவமுள்ள வணிகர்களை இத்தேர்வு வெளியேற்றிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் எழுத்துத் தேர்வைக் காட்டிலும் செய்முறைத் தேர்வே முதன்மை பெற வேண்டும். தட்டுகளில் வைத்த சாம்பிள்களைத் தரப்படி வரிசைப்படுத்தச் சொல்லும் தேர்வில் முதிர்ந்த வணிகர் எவரும் தோற்கப் போவதில்லை. அத்தேர்வில் தேறிய, முதல் குறைந்த இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் வங்கிக் கடனோடு இணைந்த வணிகர் உரிமம் கிடைக்குமானால், ஏலக்கூடத்தில் விலை கேட்போரின் எண்ணிக்கை பெருகும்; அது தோட்டக்காரருக்கே நன்மை.

இப்போதைக்கு, உரிமத்துக்கு விண்ணப்பிக்க எண்ணும் தேனி மாவட்ட இளைஞர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு: ஆவணங்களைத் திரட்டும் முன்பாக ஒரு முழுப் பருவம், ஆகஸ்டு தொடங்கிப் பிப்ரவரி வரையேனும், ஒரு கிடங்கில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக் காயைப் பழகிக்கொள்வது. சட்டம் கேட்காத அத்தகுதியைச் சந்தை முதல் நாளிலேயே கேட்கும்.