வலையும் வழியும் – 9: எட்டு பைட்டின் உபத்திரவம்

சுங்கைப்பட்டாணியிலிருந்து கோலக்கெட்டில் வழியாகப் பாலிங்குக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் இப்பொழுது பெரும்பாலும் செம்பனைகளும் அடர்ந்து நிற்கும் செம்மண் பாதையில் உள்ளே சென்றால் தென்படும் தோட்டக் காரியாலயங்களில், கணினியோடு தினந்தோறும் மல்லுக்கு நிற்கும் கிராணிமார் ஒரு விசித்திரமான புகாரைச் சொல்வதுண்டு. லைன் இருக்கிறது, மோடத்தில் விளக்கு எரிகிறது, சிறிய மின்னஞ்சல் போகிறது, வாட்ஸ்அப் செய்தி போகிறது. ஆனால் கோலாலம்பூர்த் தலைமைக் காரியாலயத்தின் சம்பளக் கணக்குப் பக்கம் மட்டும் வெள்ளைத் திரையாகவே நின்றுவிடுகிறது என்பார்கள். லைன் வேகம் போதவில்லை, அதிகப் பணம் கட்டி வேகத்தை உயர்த்துங்கள் என்று புத்திமதி கூறுவோர் எந்தப் பட்டணத்திலும் உண்டு. வேகம்தான் குறைவு என்றால் எல்லாமே மெதுவாக வந்து சேர வேண்டும். சிறியது தடையின்றி வந்து பெரியது அடியோடு வராமற் போவது வேறொரு வியாதியின் லக்ஷணம். அந்த வியாதியின் மூலத்தையே இவ்வாரம் ஆராயப் போகிறோம்.

இணையத்தில் செல்லும் விஷயம் எதுவாயினும் பொட்டலம் பொட்டலமாகவே பிரயாணம் செய்கிறது என்பதைச் சென்ற வாரம் கண்டோம். நம் வீட்டுக்குள்ளும் காரியாலயத்துக்குள்ளும் உபயோகிக்கும் ஈதர்நெட் கம்பி, ஒரு பொட்டலத்துக்கு அதிகபட்சம் 1500 பைட் என்று எல்லை வகுத்திருக்கிறது. உலகத்துக் கணினிகளில் பெரும்பாலானவை அந்த அளவையே இயல்பென்று கருதிப் பொட்டலம் கட்டுகின்றன. ஆனால் காரியாலயத்தை விட்டு வெளியேறி நெடுந்தூரத் தடத்தில் ஏறும்பொழுதுதான், எல்லாப் பாதைகளும் அதே அகலமுடையவை அல்ல என்ற உண்மை தெரியவருகிறது.

மலேசியாவில் பொதுமக்களுக்கு இணையத்தை முதலில் கொணர்ந்தது மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங். அது 1992-இல் தோன்றியது. பின்னர் 2001-இல் டெலிகாம் மலேசியா, பழைய தொலைபேசிச் செப்புக் கம்பியிலேயே அகலக்கற்றையை ஓட்டும் ஸ்ட்ரீமிக்ஸ் சேவையை ஆரம்பித்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் அந்தக் கம்பியில் சமிக்ஞை தேய்ந்துவிடுமாதலால், கூலிம், பாடாங் செராய், பீடோங் பட்டணத்து வீடுகளுக்குக் கிடைத்த சௌகரியம் தோட்டத்து லயங்களில் அனேகத்துக்கு நெடுங்காலம் எட்டாமலே இருந்தது. இச்சேவையிலும், 2010 மார்ச்சில் கண்ணாடியிழை வழியாக வந்த யூனிஃபையிலும், சந்தாதாரர் தம் பெயரையும் ரகசியச் சொல்லையும் மோடத்தில் பதிந்து உள்ளே நுழைய வேண்டும். அந்த நுழைவுக்காக உபயோகிக்கப்படும், 1999-இல் வகுக்கப்பட்ட பிபிபிஓஇ என்ற முறை, ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் எட்டு பைட் அளவுள்ள தன் சீட்டை ஒட்டிவிடுகிறது. 1500-இல் எட்டுப் போக, நமக்கு மிச்சம் 1492.

எட்டு பைட்தானே என்று அலட்சியம் செய்தல் ஆகாது. உர மூட்டைகளை ஏற்றிவந்த லாரியின் பாரத்தை ஓடையின் மேலுள்ள மரப்பாலம் தாங்காதெனில், சரக்கை இறக்கிச் சிறு வண்டிகளில் பிரித்து ஏற்றி அக்கரையில் மீண்டும் சேர்ப்பதைப்போல, பெரிய பொட்டலத்தைத் துண்டாக்கி அனுப்பும் யுக்தியை இணையத்தின் கர்த்தாக்கள் ஆதியிலேயே ஏற்படுத்தி வைத்தார்கள். ஜான் போஸ்டெல் பதிப்பித்து 1981 செப்டம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 791 என்ற சாசனத்தில் அதன் விதிகள் அடங்கியுள்ளன. ஒரே பொட்டலத்தின் துண்டுகள் யாவும் ஒரே அடையாள எண்ணைத் தாங்கும். இன்னும் துண்டு உண்டா இல்லையா என்பதை ஒரு பிட் தெரிவிக்கும். மூலத்தில் இத்துண்டின் ஸ்தானம் எது என்பதை எட்டு எட்டு பைட்டாக எண்ணும் ஒரு கணக்கு உணர்த்தும். துண்டுகளைச் சேர்க்கும் பொறுப்பு இடைவழி ரௌட்டர்களுடையதன்று, போய்ச் சேரும் கணினியுடையதே.

இந்த விதியை நம் 1492-க்குப் பிரயோகித்துப் பாருங்கள். 1500 பைட் பொட்டலத்தில் 20 பைட் தலைப்பு, 1480 பைட் சரக்கு. முதல் துண்டு தலைப்பு 20-உடன் 1472 பைட் சரக்கை ஏற்றிக்கொண்டு 1492-ஐ நிரப்பிவிடுகிறது. எஞ்சியது எட்டே பைட்! அந்த எட்டை ஏற்றிச் செல்ல இன்னொரு 20 பைட் தலைப்புடன் 28 பைட் அளவில் இரண்டாவது துண்டு ஒன்று புறப்பட வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்று வழியில் தவறினாலும், மற்றொன்றைச் சேருமிடம் சிறிது காலம் வைத்துக் காத்திருந்து, பிறகு எறிந்துவிடுகிறது. லினக்ஸ் கணினியில் இந்த அவகாசம் சாதாரணமாக 30 விநாடி. அது மட்டுமன்று: எந்தச் சேவைக்கு உரியது என்று கூறும் வாயில் எண் முதல் துண்டில்தான் இருக்கும், இரண்டாவது துண்டு குலம் கோத்திரம் தெரியாத அனாதையாக வந்து நிற்பதால், சந்தேக புத்தியுள்ள காவற்பொறிகள் பல அதை உள்ளே விடுவதில்லை. கென்ட், மோகல் என்ற இருவர் துண்டாக்குதல் தீங்கு பயப்பது என்று 1987-இலேயே கட்டுரை எழுதியது காரணமின்றி அன்று.

எனினும் வெட்டுவது எல்லா இடத்திலும் குற்றமே என்று தீர்ப்பளிப்பதும் நியாயமாகாது. நெடுந்தூரத் தடங்கள் 64 கிலோபிட் வேகத்தில் வாடகைக்கு விடப்பட்ட நாட்களில், ஒரு 1500 பைட் பொட்டலம் அத்தடத்தில் ஏறி முடிய 187 மில்லி விநாடி பிடித்தது. தொலைபேசிச் சம்பாஷணையில் ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடியைத் தாண்டாதிருப்பதே உசிதம் என்பது நிபுணர் கொள்கை. ஆக, ஒரே ஒரு கோப்புத் துணுக்கின் பின்னால் அகப்பட்டுக்கொண்ட குரல், வரிசையில் நின்றே கெட்டுப்போகும். ஆதலால் அத்தடங்களின் இரு முனைகளிலும் பெரிய பொட்டலங்களை 80 பைட் துணுக்குகளாக நறுக்கி, இடையிடையே குரலை நுழைத்து அனுப்பினார்கள். ஒரு துணுக்கு ஏறப் பத்தே மில்லி விநாடி. ஸ்ட்ரீமிக்ஸ் ஓடிய செப்புக் கம்பியின் அடியிலும் இவ்வித நறுக்கல் ஒன்று நடந்துகொண்டேயிருந்தது: ஏடிஎம் என்னும் முறை, ஒவ்வொன்றிலும் 48 பைட் சரக்கும் 5 பைட் தலைப்புமாக, 53 பைட் அறைகளாகவே அனைத்தையும் கொண்டு சென்றது. ஐரோப்பியர் 32 வேண்டும் என்றும் அமெரிக்கர் 64 வேண்டும் என்றும் வாதாடி, இரு தரப்புக்கும் திருப்தியளிக்காத 48-இல் சமாதானமானது தனிக் கதை. நம் 1492 பைட் பொட்டலம் உறைகள் யாவும் சேர்ந்து 32 அறைகளாகி, 1696 பைட்டாக வீங்கியே கம்பியில் போயிற்று. ஆயினும் இவையெல்லாம் ஒரு தடத்தின் இரு முனைகளுக்குள் வெட்டி அம்முனையிலேயே ஒட்டிவிடும் வேலை. வெளியுலகத்துக்கு அதனால் யாதொரு ஹானியும் இல்லை.

கிராணியின் வெள்ளைத் திரைக்கு வருவோம். வழியில் வெட்டுப்படுவதைத் தவிர்க்க 1990-இல் மோகலும் டீயரிங்கும் ஓர் உபாயம் செய்தார்கள். அனுப்புகிறவர் ‘துண்டாக்காதே’ என்ற குறியை ஒவ்வொரு பொட்டலத்திலும் இடுவார். குறுகிய பாதையில் நிற்கும் ரௌட்டர் அதை நிராகரித்து, ‘இங்கே 1492-தான் செல்லும்’ என்று திருப்பி அறிவிக்கும். அனுப்புகிறவர் அளவைக் குறைத்துக்கொள்வார். அழகான ஏற்பாடு. ஆனால் அந்த அறிவிப்பு ஐசிஎம்பி என்ற இனத்தைச் சேர்ந்தது. துண்டுகளைச் சேர்க்கும்போது 65,535 பைட் என்ற உச்ச அளவை மீறுமாறு சூழ்ச்சியாகக் கட்டிய, அதே இனத்தைச் சேர்ந்த பிங் என்னும் சோதனைப் பொட்டலங்களால் கணினிகளை மூர்ச்சையாக்கும் துஷ்டத்தனம் 1996-ஐ ஒட்டிப் பரவியதும், அச்சங்கொண்ட நிர்வாகிகள் பலர் அந்த இனம் முழுவதையும் தம் வாயிலில் தடுத்துவிட்டார்கள். அறிவிப்பு சேராத சர்வர், அதே 1500 பைட் பொட்டலத்தை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அது மீண்டும் மீண்டும் மடியும். ஆரம்பக் கைகுலுக்கல் பொட்டலங்கள் சிறியவையாதலால் ‘இணைந்தது’ என்று திரை காட்டும், பக்கமோ வராது. என் அபிப்பிராயத்தில், வெட்டும் ரௌட்டரைக் காட்டிலும், மறுப்புச் செய்தியை விழுங்கிவிடும் காவற்பொறியே பெரிய குற்றவாளி. திருடனுக்குப் பயந்து தபாற்காரரையும் சேர்த்து விரட்டுவது பாதுகாப்பாகாது.

இணையப் பொட்டல விதிகளின் புதிய ஆறாம் பதிப்பில் இடைவழி ரௌட்டர்கள் வெட்டவே கூடாது என்றும், எந்தத் தடமும் 1280 பைட்டையேனும் தாங்க வேண்டும் என்றும் விதித்துவிட்டார்கள். அங்கே அந்த அறிவிப்பைத் தடுப்பது முன்னிலும் பெரிய பிழை.

பரிகாரம் சுலபமானது. விண்டோஸ் கட்டளைத் திரையில் பிங் என்று தட்டி, சிறுகோட்டுடன் எஃப், சிறுகோட்டுடன் எல், 1472 என்ற எண், பிறகு ஒரு வெளி முகவரி என வரிசையாக எழுதிப் பாருங்கள். துண்டாக்க வேண்டியிருக்கிறது என்ற மறுப்பு வந்து, 1464 என்று மாற்றியதும் பதில் கிடைத்தால், தங்கள் பாதை 1492 என்பது உறுதி; 28 பைட் தலைப்புகளுக்கு உரியது. ரௌட்டரின் வெளிப்புற அளவை 1492 என்றும், டிசிபி என்னும் முறையில் செல்லும் சரக்கின் உச்ச அளவை 1452 என்றும் பதிந்துவிட்டால், இரு தரப்பும் ஆரம்பத்திலேயே சிறிய பொட்டலம் கட்ட ஒப்புக்கொள்ளும். தலைமைக் காரியாலயத்துக்கு விபிஎன் வழியாகச் செல்லும் தோட்டங்கள், அந்த ரகசிய உறைக்கென இன்னும் ஐம்பது அறுபது பைட்டுக்கு மேல் கழித்துக்கொள்ள வேண்டும்; 1464-உம் மறுக்கப்பட்டால் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே போய், பதில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்வதே வழி. இவ்வளவும் செய்து பார்க்காமல் வேகத்தை உயர்த்தும் சந்தாவில் கையெழுத்திட வேண்டாம் என்று தோட்டத்துக் கிராணிமாரைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வாரம், 2023 ஜூலை முதல் மலேசியாவில் கிடைக்கும் ஸ்டார்லிங்க் விண்கோள் இணைப்பு கம்பியெட்டாத தோட்டங்களுக்கு எவ்வளவு தூரம் பிரயோஜனப்படும் என்பதைப் பார்ப்போம்.