‘கக்கூஸ்’ ஆவணப்படம், 2017
இயக்கம்: திவ்யா பாரதி. ஒளிப்பதிவு: எம். பழனி குமார்.

மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதை 1993-லேயே சட்டம் தடை செய்தது. 2013-இல் அது இன்னும் கடுமையானது. ஆனாலும் வாளியும் துடைப்பமும் ஓயவில்லை என்பதைத் தமிழகமெங்கும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தது இந்தப் படம். முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும் இடத்தில் கேமரா அசையாமல் நிற்கிறது. தம் வேலையையும் அதோடு ஒட்டிக்கொண்ட சாதியையும் தொழிலாளர்கள் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். படத்தின் பலமே அந்தக் குரல்கள்தான்.

ஒளிப்பதிவாளர் பழனி குமாரின் ஊர் மதுரை மாவட்டம் ஜவகர்லால்புரம். மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர் அவருடைய அம்மா. அந்த உழைப்பையும் அவர் படமெடுத்திருக்கிறார். மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து, அவர்கள் தெருவை அவர்களே படமெடுக்கச் சொல்லித்தருகிறார். மிகவும் மதிக்கத்தக்க பணி அது.

பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும்போது இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என 2014-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவுகள் இன்னும் நிற்கவில்லை.

பார்ப்பது கடினம்தான். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.